இரு மொழிகளுக்கு இடையே ஒரு வாழ்வு: துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

ஏவுகணை, இடைமறிப்பு ஏவுகணை, ராடார், தளவாடக் கொள்முதல், ஒப்பந்தப்புள்ளி, முன்பணம், காலக்கெடு. இச்சொற்கள் இன்று செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படுகின்றன. இவையெல்லாம் படைத் தலைவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரியவை, பள்ளி மாணவியராகிய நமக்கு இவற்றால் ஆவது யாது என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் போருக்குப் பொருள் வாங்குவதும், வானிலிருந்து விழும் குண்டிலிருந்து நகரைக் காப்பதும், அவற்றுக்குரிய சொற்களைப் பிற மொழியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிற மொழிக்கும் கொண்டு செல்வதும் ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்கு முன்பே நம் புதுச்சேரியில் அன்றாட அலுவலாய் இருந்தன. அந்த அலுவலைத் தோளில் சுமந்த ஒரு தமிழரின் வரலாற்றை இம்மலரில் நாம் நினைவுகூர விரும்புகிறோம். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

பிறப்பும் இளமையும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியாருக்குத் தலைமைத் துபாஷியாய் விளங்கினார். அவர் அழைப்பின் பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

துபாஷி என்னும் சொல்லுக்கு இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். ஆனால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கும்பெனிக்கு வேண்டிய துணி, தானியம், படகு, மாடு, கூலியாள் அனைத்தையும் ஏற்பாடு செய்பவரும், வணிகரிடம் விலை பேசுபவரும், நவாபுகளின் கடிதங்களைப் படித்துச் சொல்லி மறுமொழி எழுதுவிப்பவரும் அவரே. ஆகவே பதவியும் பெரிது, ஆபத்தும் பெரிது. நைனியப்ப பிள்ளையே இதற்குச் சான்று. அவர்மீது குற்றம் சாட்டப்பட்டு, சிறையில் அடைக்கப்பட்டு, 1717-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று தந்தைக்காக நீதி கேட்டார். அங்கே கிறிஸ்தவ மறையைத் தழுவி, செவாலியே பட்டம் பெற்றுத் திரும்பி, தந்தையின் பதவியிலேயே அமர்ந்தார். 1724-இல் அவரும் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் திருவேங்கடம் பிள்ளையும் காலமானார்.

பதினேழு வயதில் தந்தையை இழந்த ஆனந்தரங்கர் இவ்வளவையும் கண்டு வளர்ந்தவர். ஒரு சொல் தவறினால், அல்லது ஒருவர் சொல்லை மற்றவர் திரித்தால், ஒரு குடும்பமே அழியும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றார். பிற்காலத்தில் ஒவ்வொரு நாளும் கேட்டதையும் கண்டதையும் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு வந்தது இதனால்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது.

வணிகமும் நாட்குறிப்பும்

இளைஞரான ஆனந்தரங்கர் கும்பெனியின் சார்பில் பரங்கிப்பேட்டையில் வணிகப் பொறுப்பை ஏற்றுத் திறம்பட நடத்தினார். அக்கால வணிக முறையை நாம் சற்று அறிந்துகொள்வது நல்லது. பிரான்சிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். 1736 முதல் அது புதுச்சேரியிலேயே ரூபாயாக அச்சடிக்கப்பட்டது. கும்பெனியார் வணிகரிடம் முன்பணம் தருவர். வணிகர் அதை நெசவாளரிடம் தருவர். குறித்த நாளில் துணி வந்து சேர வேண்டும். வந்த துணியை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பர். தரம் குறைந்தது திருப்பப்படும். ஒப்பந்தம், முன்பணம், மாதிரி, சோதனை, காலக்கெடு என்று இன்று படைக்கலக் கொள்முதலில் பேசப்படும் படிகள் எல்லாம் அன்று நம் ஊர்ப் பண்டகசாலையில் துணிக்கு நடந்தவையே. துணிக்குப் பழகிய அதே வழியில்தான் பின்னர் படைக்கு வேண்டிய அரிசியும் மாடும் ஆளும் சேர்க்கப்பட்டன.

ஆனந்தரங்கருக்குச் சொந்தமாகவே ஒரு கப்பல் இருந்தது. ஆனந்தப்புரவி என்பது அதன் பெயர். ஆனால் புதுச்சேரிக்கு அந்நாளில் கப்பல் நேரே வந்து ஒட்டும் துறை கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பீரங்கியானாலும் வெடிமருந்துப் பீப்பாயானாலும் வெள்ளிப் பெட்டியானாலும், கரையோரத்துப் படகோட்டிகள்தாம் சலங்குகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தாக வேண்டும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குப் பல ஊர்த் தெய்வங்கள் வந்து கூடும் நம் வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்று அலையைப் பார்ப்பவர்க்கு அந்த வேலையின் அருமை விளங்கும். வரலாற்று நூல்கள் ஆளுநர்களின் பெயரைச் சொல்கின்றன. கடலோடிகளின் பெயரைச் சொல்வதில்லை. ஆயினும் அவர்கள் கை படாமல் ஒரு துப்பாக்கியும் இந்நகருக்குள் வந்ததில்லை.

1736 செப்டம்பர் 6-ஆம் நாள் ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். தமிழில், பேச்சு வழக்கை ஒட்டிய நடையில், ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வரவு, துணி விலை, விருந்து, வழக்கு, திருமணம், வதந்தி, போர் என்று ஒன்றும் விடாமல் எழுதினார்.

சொற்கள் வந்த வழி

அந்நாளில் புதுப் படைக்கலங்கள் வந்தபோது அவற்றின் பெயர்களும் உடன் வந்தன. பிறங்கி என்று ஐரோப்பியரைக் குறித்த பாரசீகச் சொல்லே பீரங்கியாயிற்று. துருக்கிச் சொல் துப்பாக்கியாயிற்று. சிப்பாய் என்பதும் பாரசீகத்திலிருந்து வந்ததே. படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழர் நாவில் சொல்தாது ஆயிற்று. பிற்காலத்தில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியோரைச் சொல்தா என்று நம் ஊரார் அழைக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சியே.

எனினும் எல்லாம் இரவலாய் வரவில்லை. உள்ளே மருந்து நிரப்பிய இரும்புக் கோளம் ஒன்று, மேலே உயர்ந்து, மதிலைத் தாண்டி, வீட்டுக் கூரைமேல் விழுந்து வெடிப்பதைக் கண்ட தமிழர் அதற்குத் தீக்குடுக்கை என்று பெயரிட்டனர். தண்ணீரும் எண்ணெயும் வைக்கும் குடுக்கையைத் தெரிந்த எவருக்கும் இச்சொல் உடனே விளங்கும். கரிப்பொடியும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த தூளுக்கு வெடிமருந்து என்று பெயர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் மருந்து என்ற ஒரே சொல் வழங்கியது சிந்திக்கத்தக்கது. கணை என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு ஏவுகணை என்று இக்காலத்தார் அமைத்ததும் இதே மரபில்தான்.

தலைமைத் துபாஷி

குருவப்ப பிள்ளைக்குப் பின் கத்தோலிக்கரான கனகராய முதலியார் தலைமைத் துபாஷியாய் இருந்தார். அவர் இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா தேவாலயத்தை எழுப்பி, 1745-இல் பிற மதத்தாரையும் அழைத்து விழா எடுத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் மறைந்தபோது, அப்பதவி கிறிஸ்தவருக்கே உரியது என்ற வாதம் எழுந்தது. ஆனால் 1742 முதல் ஆளுநராயிருந்த துய்ப்ளேக்ஸ் ஆனந்தரங்கரின் திறமையை நன்கறிந்தவர். சில காலம் இழுபறி நடந்த பின் பதவி ஆனந்தரங்கரிடமே வந்தது.

ஆளுநரின் மனைவி ழான் அம்மையார் நம் புதுச்சேரியிலேயே 1706-இல் பிறந்தவர், தமிழ் அறிந்தவர். ஒற்றர்களை வைத்துச் செய்தி திரட்டுவதிலும் மன்னர்களோடு கடிதத் தொடர்பு கொள்வதிலும் வல்லவர். ஆளுநரின் காதுக்குச் செய்தி கொண்டு சேர்ப்பவர் யார் என்பதில் இவருக்கும் ஆனந்தரங்கருக்கும் ஓயாத போட்டி நிலவியது. போர்க்காலத்தில் செய்தியைக் கையில் வைத்திருப்பவரே வலிமை உடையவர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அதே ஆண்டு அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை முறியடித்தது. விரைந்து சுடும் துப்பாக்கியும் பயிற்சி பெற்ற காலாட்படையும் இதற்குக் காரணம். இதன் பிறகு இந்நாட்டு அரசுகள் ஐரோப்பியப் படையை விலை கொடுத்து வாங்கத் தலைப்பட்டன. விலை பணமாக மட்டும் தரப்படவில்லை, நிலமாகவும் ஊர்களாகவும் தரப்பட்டது. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்தது அவ்வகையில்தான். இப்பேச்சுகளில் எல்லாம் ஆனந்தரங்கரின் கை இருந்தது. முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டம் அளித்தார். லாயத்தில் அத்தனை குதிரை நிற்க வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. மொகலாயர் அரசில் ஒருவரின் தகுதியைக் குதிரை எண்ணிக்கையால் அளந்தனர். படைத் துறையில் சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது புதிதல்ல என்பது இதனால் தெரிகிறது.

1748: குண்டு மழை

1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெருங்கப்பற்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதலில் அரியாங்குப்பம் கோட்டையைத் தாக்கினார். அங்கிருந்த வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டனர். பின்னர் நகரின் வடமேற்கே அகழ் தோண்டிப் பீரங்கிகளை நிறுத்தினர். கடலிலிருந்தும் கரையிலிருந்தும் குண்டுகள் விழுந்தன.

அந்நாளில் பறந்து வரும் குண்டை வானிலேயே தடுக்கும் வழி இல்லை. தடித்த மதில், மண் கரை, ஆழமான அகழி, கொத்தளங்களிலிருந்து எதிர்த்துச் சுடும் பீரங்கி ஆகியவையே பாதுகாப்பு. மண் கரை குண்டின் வேகத்தை விழுங்கிவிடும். இன்றோ வரும் ஏவுகணையை ராடாரால் தொலைவிலேயே கண்டு, அதன் வழியைக் கணக்கிட்டு, மற்றோர் ஏவுகணையால் இடைமறித்து அழிக்கும் முறை வந்துவிட்டது. நம் இந்திய நாடு 2006 நவம்பரிலும் 2007 டிசம்பரிலும் அத்தகைய சோதனைகளை வெற்றியுடன் நடத்தியது. கருவி மாறிற்று. கூரைக்குக் கீழே அஞ்சியிருக்கும் தாயும் சேயும் மாறவில்லை.

மழையும் நோயும் ஆங்கிலேயப் படையை வாட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்து அக்டோபரில் பாஸ்கவன் திரும்பினார். நகரம் தப்பியது. ஆயினும் ஒரு வடு நிலைத்துவிட்டது. அம்முற்றுகையின்போது, 1748 செப்டம்பரில், சம்பா கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆணையால் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கர் இதை ஆறாத் துயரத்துடன் தம் குறிப்பில் பதிந்தார். நகரத்தார் முறையிட்டும் பயனில்லை. ஆளுநருக்கு மிக நெருங்கியவராய் இருந்தும் அவராலும் அதைத் தடுக்க இயலவில்லை. கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் இதை எழுதும் நாம் தலை தாழ்த்தியே எழுதுகிறோம். பிறர் வழிபடும் இடத்தை மதிக்காத வெற்றி, வெற்றியே ஆகாது.

அரிசி இல்லாத கோட்டை

1754-இல் துய்ப்ளேக்ஸ் பதவி நீக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் தேயத் தொடங்கியது. 1756-இல் அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். உடல்நலமும் குன்றியது. எனினும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை.

1758-இல் லாலி என்னும் தளபதி பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். வீரத்தில் குறைவில்லை. ஆனால் பணமில்லை, வண்டி மாடில்லை, இந்நாட்டாரின் பழக்கவழக்கங்களை அறியும் பொறுமையும் இல்லை. ஆளும் மாடும் வேண்டுமென்றால் வற்புறுத்திப் பிடிக்கலாம் என்று எண்ணினார். ஊர் அவரிடமிருந்து விலகிற்று. சென்னை முற்றுகை தோற்றது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பெருந்தோல்வி நேர்ந்தது. பிறகு ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரையிலும் கடலிலும் வளைத்துக்கொண்டனர்.

இம்முறை நகரை வீழ்த்தியது தீக்குடுக்கையை விடப் பசியே. உணவு குறையவே, 1760 நவம்பரில் நகரிலிருந்த இந்நாட்டு மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களை அப்பால் செல்ல விடவில்லை. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் இரு படைகளுக்கும் நடுவே, உண்ண ஒன்றுமின்றிப் பல நாள் தவித்தனர். அதன் பின்னரே வழி விடப்பட்டது. படைக் கணக்கில் அவர்கள் வீண் வாய்கள். ஆண்டவர் கணக்கிலோ அவர்கள் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள். எந்த நாட்டின் படைத்துறைச் சொற்களைப் படிக்கும்போதும் இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

1761 ஜனவரி 16-ஆம் நாள் புதுச்சேரி சரணடைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்களை மூடினார். தாம் வாழ்நாளெல்லாம் உழைத்து வளர்த்த நகரம் தரைமட்டமாவதைக் காணும் துன்பத்தை இறைவன் அவருக்குத் தரவில்லை. இன்று பாரதி பூங்கா உள்ள பகுதியில் நின்ற கோட்டையும், நகரின் மாளிகைகளும், அன்றைய சம்பா கோயிலும் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டன. 1748-இல் ஆலயம், 1761-இல் தேவாலயம். போர் எந்தச் சமயத்தையும் விட்டுவைப்பதில்லை. இன்று நாம் திருப்பலி காணும் சம்பா கோயில் அதன் பின்னர் எழுப்பப்பட்டு 1791-இல் நிறைவு பெற்றது. வேதபுரீசுவரருக்கும் வேறிடத்தில் புதிய ஆலயம் எழுந்தது.

நமக்கு விட்டுச் சென்றவை

ஆனந்தரங்கரை நாம் குறையே இல்லாதவராகக் காட்ட விரும்பவில்லை. அவர் தரகால் செல்வம் சேர்த்தவர். குலப் பெருமையும், போட்டியாளர்மீது பொறாமையும், தற்புகழ்ச்சியும் அவர் எழுத்தில் உண்டு. ஆனால் பிறர் மறைக்க விரும்பியதையும் அவர் எழுதினார். அதனாலேயே அவர் எழுத்து நமக்குச் செல்வமாயிற்று.

அந்நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் பல்லாண்டுகள் வெளியுலகம் அறியாமல் கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ்ப் பதிப்பு 1948 முதல் புதுச்சேரியில் வெளிவரத் தொடங்கியது. நம் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் இதை ஆதாரமாகக் கொண்டு மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வாழ்ந்த இல்லமும் இருக்கிறது. தமிழர் கட்டடக் கலையும் பிரெஞ்சுக் கலையும் கலந்த அவ்வில்லம், அதில் வாழ்ந்தவரின் வாழ்வைப் போலவே இரு மொழி பேசுகிறது எனலாம்.

மாணவியரே! உங்களுள் சிலர் நாளை பொறியியல் பயின்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்களில் பணியாற்றலாம். சிலர் அரசு அலுவலகங்களில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கலாம். சிலர் மொழிபெயர்ப்பாளராகலாம். எத்துறையில் இருப்பினும் பொருள் விளங்காத சொல்லைக் கண்டால் அஞ்சி ஒதுங்காமல், அதன் பொருள் என்ன, அதற்குப் பணம் தருபவர் யார், அதனால் காக்கப்படுபவர் யார், கைவிடப்படுபவர் யார் என்று கேளுங்கள். தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல முடியாத எதையும் நாம் முழுதும் அறிந்தோம் என்று கொள்ளாதீர்கள். நாள்தோறும் நாலு வரியேனும் உண்மையாய் எழுதி வையுங்கள். பெற்றோரும் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம்.

கேட்டதைத் திரிக்காமல் சொல்வதும், கண்டதை மறைக்காமல் எழுதுவதும் சிறிய அறங்கள் அல்ல. அவற்றை ஒரு தமிழர் நம் ஊரில் கால் நூற்றாண்டுக் காலம் செய்து காட்டினார். அவர் கண்ட முற்றுகையும் பசியும் இனி இக்கடற்கரைக்கு வாராதிருக்க, சமாதானத்தின் அரசியாகிய நம் அன்னையை வேண்டுவோம்.

வாழ்க ஆனந்தரங்கர் புகழ்! வளர்க அமைதி!